புல் முடியுமிடம்

வரைபடத்தில் அதற்குப் பெயரில்லை.
மூவாயிரத்து முந்நூற்றுப் பதினொன்று
என்று ஓர் எண்,
பக்கத்தில் எறும்பளவு முக்கோணம்.
கவுன்டி அலுவலகத்தில் சொன்னார்கள்:
ஒச்சோலா, எத்தனை மணி நேரமாகிறதென்று ஏறிப் பார்த்து வா,
மரங்களில் மஞ்சள் பெயின்ட் அடித்துக்கொண்டே போ,
துண்டறிக்கையில் போட வேண்டும்.

நான் ஏரிக்கரைக்காரன்.
எங்களுக்கு உயரமென்றால் படகின் பாய்மரம்.

செபியேகோவின் ரப்பர் பூட்ஸில்
இடது கால் பச்சை, வலது கால் கறுப்பு.
முப்பது வருஷமாய் இந்தச் செரங்கானி மலையில்
ஆடு மேய்க்கிறாளாம்.
வழி கேட்டு வந்த முதல் ஆள் நான்தானாம்.

முதல் மரத்தில் தூரிகை வைத்தேன்.
"அதில் வேண்டாம். மேலே பார்."
குடைந்த கட்டையொன்று கிளையில் படுத்திருந்தது,
அதன் வாயில் தேனீக்களின் சந்தை நெரிசல்.
"பெயின்ட் வாடைக்கு வீடு மாறிவிடும்."
இரண்டாவது மரம் அவள் கொழுந்தனுடையது.
மூன்றாவது யாருடையதுமில்லை,
ஆனாலும் பாவம் என்றாள்.
மூங்கிலில் ஒட்டவே இல்லை, அத்தனை ஈரம்.
நாள் முழுக்க டப்பா
குறையாமல் கனத்தது தோளில்.

மூங்கிலுக்குள் வெளிச்சம் பச்சைத் தண்ணீர்.
நான் மூச்சு வாங்கும் சத்தம் எனக்கே வெட்கம்.
எங்கேயோ கோலோபஸ் குரங்குகள்
கிளம்பாத மோட்டார் சைக்கிளை
உதைத்து உதைத்துப் பார்த்தன.

பிறகு காடு சட்டென்று நின்றுவிட்டது.
முதுகுக்குப் பின்னால் இருட்டு.
முன்னால் புல்,
காற்று கைவைத்துத் தடவித் தடவி
நிறம் மாற்றிப் பார்க்கிற புல்.
ஆளுயர லொபேலியாக்கள்
வரச்சொன்னவர் வராத முகத்தோடு நின்றன.
சுரைக்குடுவையிலிருந்து புளித்த பால் ஊற்றினாள்,
நாக்கில் கரி வாசம்.

"இதன் பெயர் என்ன?" பென்சிலை எடுத்தேன்.
"எதன்?"
"அந்த உச்சியின்."
"புல் முடியுமிடம்."
"அது பெயரா?"
"ஆடு அங்கே போகாது. நானும் போனதில்லை."

முப்பது வருஷம்.
இன்னும் முக்கால் மணி நேர ஏற்றம், அவ்வளவே.

"போய் என்ன செய்ய?" என்றாள்.
பதில் என்னிடம் அச்சாகத் தயாராக இருந்தது,
'எழில்மிகு காட்சி'.
சொல்லக் கூச்சமாகிவிட்டது.

ஆனாலும் வந்தாள். எனக்கு முன்னால் போனாள்.
பாறை, சாம்பல் பாசி,
உலர்ந்தும் உதிராத வெள்ளைப் பூக்கள்.
உச்சியில் ஒன்றுமில்லை.
மேசையளவு கல், அதன் குழியில் மழைத்தண்ணீர்.
அதில் அவள் கை கழுவினாள்.

கிழக்கே பள்ளத்தாக்கு இறங்கி இறங்கி
கேரியோவின் வெயிலில் கரைவதை நான் பார்த்தேன்.
அவள் மேற்கே குனிந்து எண்ணிக்கொண்டிருந்தாள்:
சர்ச், அதன் உருளைக்கிழங்குத் தோட்டம்,
முடமான வேலி, அப்புறம்
"அது என் கூரை."
விரல் நகமளவு தகரம்.
"இவ்வளவு துருவா."

கொஞ்சம் கழித்து,
"புகை வருகிறது."
"ஆமாம்."
"காலையில் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு வந்தேன்.
வீட்டில் யாருமில்லை.
நான்கு வருஷமாக யாருமில்லை."

நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள்
பச்சைக் கால், கறுப்புக் கால், பச்சைக் கால்,
புல் அவளை இடுப்புவரை வாங்கிக்கொண்டது,
பிறகு முழுக்க.
அவசரமாய் எடுத்த ஒரே படத்தில்
மலையில்லை. அவள் முதுகு,
அதுவும் கலங்கலாக.

ஏறியது ஐந்தரை மணி நேரம்.
இறங்கியதற்குக் கணக்கில்லை.
மூங்கிலுக்குள் இரண்டு முறை வழி தப்பினேன்,
மஞ்சள் குறி எதுவும் இல்லையே என்று
யாரையோ திட்டினேன்.

காட்டின் விளிம்பை அடைந்தபோது நன்றாக இருட்டிவிட்டது.
அவள் கதவு சாத்தியிருந்தது.
உள்ளே இரண்டு குரல்,
ஒன்று அவளுடையது, மற்றது இளசு,
சிரிப்பா சண்டையா பிரியவில்லை.
அவித்த கிழங்கின் மணம்.

தட்டவில்லை.
டப்பாவை வாசலில் இறக்கி வைத்தேன்.
கூரைக்கு ஆகும்.
ஒரு பக்கத்துக்காவது காணும்.